போனுக்குள் பின்தொடர்கிறவன்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், மல்லாவி, நெடுங்கேணி என்று எங்கே பெண்கள் கூடிப் பேசினாலும் கூட்டம் முடிந்த பிறகுதான் இந்தக் கேள்விகள் வருகின்றன. ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு பக்கமாக வந்து, "எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளைக்கு" என்று தொடங்குவார். பெரும்பாலும் அந்தப் பிள்ளை அவரேதான், அல்லது அவருடைய மகள். அப்படிக் கேட்கப்பட்டவற்றையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஆண்களுக்கும் இது நடக்கிறது. அவர்களுக்கும் இதே பதில்கள் பொருந்தும்.

ஒருவன் நாலு தரம் மெசேஜ் போட்டால் அது பின்தொடரலா?

எண்ணிக்கையை வைத்து மட்டும் சொல்ல முடியாது. நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகும், அல்லது பதிலே போடாமல் விட்ட பிறகும், ஒருவர் தொடர்ந்து உங்களைத் தொடர்புகொண்டால், கவனித்தால், உங்களைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தால், அதனால் உங்களுக்குப் பயமோ நெருக்கடியோ வந்தால், அது பின்தொடரல். ஒவ்வொரு மெசேஜையும் தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் குற்றம் தெரியாமல் இருக்கலாம். "சாப்பிட்டீங்களா?" என்பதில் என்ன தவறு? ஆனால் அதே ஆள் மூன்று வேறு நம்பர்களில் இருந்தும், உங்கள் தங்கையின் பேஸ்புக்குக்கும், பிறகு உங்கள் வேலைத்தள வட்ஸ்அப் குழுவில் உள்ள ஒருவருக்கும் அதைக் கேட்டால் கதை வேறு.

"இண்டைக்குப் பச்சைச் சட்டை வடிவா இருந்தது", "பரந்தன் சந்தியில ஆரோடை கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்?" போன்ற மெசேஜ்களை ஒருபோதும் சாதாரணமாக எடுக்காதீர்கள். போனில் தொடங்கியது தெருவுக்கு வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரியப்படுத்துவதற்காகவே அதை எழுதுகிறார்கள்.

இதைச் செய்கிறவர்கள் யார்?

முகம் தெரியாத யாரோ கொழும்பில் இருந்து செய்கிறான் என்றுதான் முதலில் நினைப்போம். தேடிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்தவராகத்தான் இருக்கும்: பிரிந்துபோன காதலன், பிரிந்த கணவன், பேச்சுவார்த்தையில் நின்றுபோன கலியாணத்தின் மாப்பிள்ளை, கூட வேலை செய்கிறவர், ரியூசனில் படிப்பித்தவர், கடன் சேகரிக்க வீட்டுக்கு வருகிறவர், சில நேரம் சொந்தத்துக்குள்ளேயே ஒருவர். அதனால்தான் அவர்களுக்கு உங்கள் அம்மாவின் பெயரும் தெரிகிறது, நீங்கள் எந்த பஸ்ஸில் போவீர்கள் என்பதும் தெரிகிறது. பெயரில்லாத கணக்கில் இருந்து தொல்லை வந்தால், அதில் எழுதியிருக்கும் விவரங்கள் யாருக்கெல்லாம் தெரிந்திருக்க முடியும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பொலிஸுக்கும் அது உதவும். ஆனால் சந்தேகப்படும் ஆளிடம் நேரே போய்க் கேட்காதீர்கள். தவறான ஆளாக இருந்தால் ஊருக்குள் வீண் பகை வரும். சரியான ஆளாக இருந்தால் இருக்கிற ஆதாரத்தை அழித்துவிடுவார்.

என் நம்பர் எப்படித்தான் வெளியே போகிறது?

போனுக்குக் காசு போடும் ரீலோட் கடையை யோசித்துப் பாருங்கள். மேசையில் ஒரு கொப்பி இருக்கும். நம்பரை எழுதுங்கள் என்று பேனையையும் கொப்பியையும் நம் பக்கம் திருப்பி விடுவார்கள். நமக்கு மேலே முன்பு வந்தவர்களின் நம்பர் வரிசையாக இருக்கும்; நமக்குப் பிறகு வருகிறவர் நம்முடையதைப் பார்ப்பார். நீங்கள் கடையை விட்டு இறங்கும்போது பின்னால் நின்ற ஆள் கடைசி வரியைப் பார்த்தால் போதும். பல கடைக்காரர்கள் நல்லவர்கள்தான், ஆனால் கொப்பி எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. அட்டையை வாங்கி நீங்களே போடுங்கள், அல்லது வீட்டில் ஒருவரின் போனில் இருக்கும் செயலி மூலம் போடச் சொல்லுங்கள். கடை நடத்துகிறவர்கள் இதை வாசித்தால், தயவுசெய்து கொப்பியை உங்கள் பக்கமே வைத்து நீங்களே எழுதுங்கள்.

இன்னொரு வழி பெயர்ப் பட்டியல். போர் முடிந்த 2009இற்குப் பிறகு வன்னியில் பெயரும் நம்பரும் கொடுக்காத வீடு இல்லை. வீட்டுத்திட்டம், கோழி வளர்ப்பு, வாழ்வாதாரம், நிவாரணம் என்று எத்தனையோ படிவங்கள். பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று தனிப் பட்டியலே உண்டு. தனியாக இருக்கும் பெண்களின் நம்பர் ஒரே தாளில் கிடப்பது எவ்வளவு ஆபத்து என்று அதை எடுக்கிறவர்கள் யோசிப்பது குறைவு. கேட்கும் இடத்தில் நீங்களும் கேளுங்கள்: இது எதற்கு, யாரிடம் இருக்கும், வட்ஸ்அப் குழுவில் போடுவீர்களா? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

நான் சொல்லாமலே நான் எங்கே நிற்கிறேன் என்று அவனுக்குத் தெரிகிறது. எப்படி?

பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. உங்கள் போன் அவன் கையில் ஐந்து நிமிடம் இருந்திருந்தால் போதும்.

முதலில் வட்ஸ்அப்பைத் திறந்து, மேலே இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு, "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்பதற்குள் போங்கள். உங்கள் வட்ஸ்அப் வேறு எந்தக் கணினியிலோ போனிலோ திறந்திருக்கிறது என்று அங்கே தெரியும். ஒரு கணக்கை நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம். நீங்கள் கணினியே பாவிக்காதவர் என்றால் அந்த இடம் வெறுமையாக இருக்க வேண்டும். "விண்டோஸ்" என்றோ "குரோம்" என்றோ ஒரு வரி இருந்து, பக்கத்தில் கடைசியாகத் திறந்த நேரமும் இருந்தால், அந்த நேரத்தில் வேறொருவர் உங்கள் மெசேஜ்களைப் பார்த்திருக்கக்கூடும். அதை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், பிறகு அந்த வரியைத் தொட்டு வெளியேற்றுங்கள். அப்புறம் அமைப்புகளில் கணக்கு என்பதற்குள் போய் இருபடிச் சரிபார்ப்பைப் போட்டு, ஆறு இலக்க எண் ஒன்றை வையுங்கள். பிறந்த திகதி வேண்டாம்.

அடுத்தது கூகுள் கணக்கு. வன்னியில் பலருக்குப் போன் வாங்கிக் கொடுத்தவரே ஜிமெயிலும் திறந்து கொடுத்திருப்பார். அல்லது கடைக்காரத் தம்பி திறந்து கொடுத்திருப்பார். அந்தப் பாஸ்வேர்ட் தெரிந்தவருக்கு உங்கள் படங்கள், தொடர்பு நம்பர்கள், நீங்கள் நிற்கும் இடம் எல்லாம் தெரிய வாய்ப்பு உண்டு. பாஸ்வேர்டை மாற்றுங்கள். மீட்பு நம்பராக யாருடைய நம்பர் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். அது அவருடையதாக இருந்தால் நீங்கள் எத்தனை தரம் மாற்றினாலும் அவர் திரும்ப நுழையலாம். கூகுள் வரைபடத்தில் உங்கள் படத்தைத் தொட்டால் "இருப்பிடப் பகிர்வு" வரும். அங்கே யாருடைய பெயராவது இருந்தால் நிறுத்துங்கள்.

உளவுச் செயலியும் போட்டிருக்கலாம். அமைப்புகளில் "அணுகல்தன்மை", "சாதன நிர்வாகி" என்ற இரண்டு இடங்களிலும் உங்களுக்குத் தெரியாத செயலிக்கு அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் பிளே ஸ்டோருக்குள் "பிளே புரொடெக்ட்" சோதனையை ஓட விடுங்கள். சந்தேகம் தீராவிட்டால், தேவையான ஆதாரத்தை எடுத்த பிறகு போனைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பலாம். திருப்பியதும் பழைய கணக்கைப் போடாமல் புதுக் கணக்கோடு தொடங்குங்கள்.

போனில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். உங்கள் மச்சாள் கோயில் திருவிழாவில் எடுத்த படத்தில் உங்களை டேக் பண்ணியிருப்பார். பிள்ளையின் வகுப்பு ஆசிரியர் பேஸ்புக்கில் கூட்டத்தின் படத்தை அன்றே போட்டிருப்பார். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் நின்றுகொண்டே ஸ்டோரி போடுவதை விட, வீட்டுக்கு வந்த பிறகு போடுவது நல்லது. மோட்டார் சைக்கிளிலோ பையிலோ சிறிய இடங்காட்டிக் கருவி ஒளித்து வைப்பதும் உண்டு. தெரியாத கருவி ஒன்று கூடவே வருகிறது என்று போன் எச்சரித்தால் அதைத் தள்ளிவிடாதீர்கள்.

\*#21# அடித்தால் போன் ஒட்டுக் கேட்கப்படுகிறதா என்று தெரியுமாமே?

இல்லை. உங்களுக்கு வரும் அழைப்புகள் வேறு நம்பருக்குத் திருப்பப்பட்டிருக்கின்றனவா என்பதைத்தான் அது காட்டும். தெரியாத நம்பருக்குத் திருப்பப்பட்டிருந்தால் ##002# அடித்து எல்லாத் திருப்பல்களையும் நீக்கலாம். அதற்கு மேல் அந்த எண்களில் ஒன்றும் இல்லை.

பதில் போடலாமா? பிளொக் பண்ணலாமா?

ஒரே ஒரு தரம் தெளிவாக எழுதுங்கள்: "என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்." ஏசாதீர்கள், காரணம் சொல்லாதீர்கள், "இப்போதைக்கு" என்ற சொல்லைச் சேர்க்காதீர்கள். அந்த ஒரு வரி பின்னால் பெரிய ஆதாரமாக இருக்கும். அதற்குப் பிறகு எதற்கும் பதில் இல்லை. முப்பது தரம் அழைத்து முப்பத்தோராவது தரம் நீங்கள் எடுத்துத் திட்டினால், முப்பத்தொரு தரம் எடுத்தால் கதைப்பாள் என்று அவன் படித்துக்கொள்வான்.

பிளொக் பண்ண முதல் ஆதாரத்தை எடுத்துவிடுங்கள். முறையிட்டு பிளொக் பண்ணும்போது உரையாடலும் சேர்ந்து அழிந்துபோகலாம். வெறும் தொல்லை என்றால் பிளொக் பண்ணிவிட்டு நிம்மதியாக இருங்கள். கொல்லுவேன், அசிட் ஊற்றுவேன், தற்கொலை செய்வேன் என்று எழுதுகிற ஆள் என்றால் யோசித்துச் செய்ய வேண்டும். எல்லா வழியையும் ஒரேயடியாக மூடினால் அவன் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று தெரியாமல் போய்விடும். சிலர் அந்த நேரத்தில் நேரே வந்து நிற்பார்கள். அப்படியானால் ஒரு வழியைச் சத்தமில்லாமல் திறந்து வைத்து, அதை நீங்கள் வாசிக்காமல் அண்ணாவையோ அக்காவையோ வாசிக்கச் சொல்லுங்கள். மிரட்டல் வந்தால் உடனே பொலிஸ் அவசர இலக்கம் 119. தற்கொலை செய்வேன் என்ற மிரட்டலுக்காகத் தனியே சந்திக்கப் போகாதீர்கள். அதையும் பொலிஸிடமோ அவனுடைய வீட்டாரிடமோ சொல்லிவிடலாம்.

ஆதாரத்தை எப்படி வைப்பது?

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். திகதி, நேரம், எந்த நம்பர் அல்லது கணக்கு, என்ன நடந்தது, அப்போது கூட யார் நின்றார், அதன் பிறகு நான் என்ன செய்தேன் என்று ஒவ்வொரு சம்பவத்தையும் அன்றன்றே எழுதுங்கள். தெருவில் கண்டதையும் எழுதுங்கள். மூன்று வாரக் கொப்பியைப் பார்க்கும் அதிகாரி "இது சும்மா விளையாட்டு" என்று சொல்ல முடியாது.

ஸ்கிரீன்ஷொட்டில் பலருக்கு நடக்கும் பிழை ஒன்று இருக்கிறது. அந்த ஆளின் நம்பரைப் பெயர் போட்டுச் சேமித்திருந்தால் படத்தில் பெயர்தான் வரும், நம்பர் வராது. "லூசு" என்று சேமித்து வைத்திருந்த நம்பரின் மெசேஜ்களை நீதிமன்றத்தில் காட்டி என்ன பயன்? மேலே பெயரைத் தொட்டால் நம்பர் தெரியும் பக்கம் வரும். அதையும் எடுங்கள். திகதியும் நேரமும் தெரிய வேண்டும். மறைந்துபோகும் மெசேஜ் என்றால் இன்னொரு போனால் திரையைப் படம் பிடியுங்கள். பேஸ்புக் கணக்கு என்றால் அந்தப் பக்கத்தின் லிங்கைப் பிரதி எடுத்து வையுங்கள். பெயரையும் படத்தையும் அவன் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவான். எல்லாவற்றையும் நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். போன் உடைந்தாலும் பறிபோனாலும் அது இருக்கும். மூலத்தை உங்கள் போனில் அழிக்க வேண்டாம். பார்க்கவே வயிற்றைப் பிரட்டுகிறது என்றால் "ஆவணக் காப்பகம்" பகுதிக்குள் தள்ளி விடுங்கள்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் அந்தரங்கப் படம் என்றால் அதை ஆதாரத்துக்காகக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். போனோடு போய் அதிகாரியிடம் காட்டுங்கள்.

என் படத்தைப் போட்டுப் போலிக் கணக்கு திறந்திருக்கிறார்கள்.

லிங்கையும் ஸ்கிரீன்ஷொட்டையும் எடுத்துவிட்டு, அந்தக் கணக்கின் மூன்று புள்ளியைத் தொட்டு "வேறொருவராக நடிக்கிறார்" என்று முறையிடுங்கள். நண்பர்களையும் அதே காரணத்தைக் காட்டி முறையிடச் சொல்லுங்கள். உங்கள் உண்மைக் கணக்கில் இருந்து, "என் பெயரில் வரும் புதுக் கணக்கு என்னுடையது அல்ல, காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்" என்று ஒரு பதிவு போடுங்கள். ஊர்க்கதை தொடங்க முதல் உங்கள் வாயால் சொல்வது முக்கியம்.

அந்தரங்கப் படத்தை வெளியே விடுவேன் என்று மிரட்டுகிறான். காசு கேட்கிறான்.

கொடுக்காதீர்கள். காசு போனால் மிரட்டல் நிற்காது, தொகைதான் கூடும். புதிதாக ஒரு படமும் அனுப்பாதீர்கள். "இது கடைசி, பிறகு அழிச்சிடுவன்" என்று அவன் சத்தியம் செய்தாலும் அனுப்பாதீர்கள்.

பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு "ஸ்டொப் என்சிஐஐ" என்ற இலவசச் சேவை 2021இல் இருந்து இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. போனுக்குள்ளேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை போல ஓர் எண் குறி உருவாக்கப்பட்டு, அந்தக் குறி மட்டும் பேஸ்புக், இன்ஸ்ரகிராம், டிக்டொக் போன்ற நிறுவனங்களுக்குப் போகும். அதே படத்தை யாராவது அங்கே போட முயன்றால் அவர்களால் அடையாளம் கண்டு தடுக்க முடியும். பதினெட்டுக்குக் குறைந்த வயதில் எடுத்த படம் என்றால் அதே விதமாக வேலை செய்யும் "டேக் இற் டவுன்" சேவையைப் பாவியுங்கள். வட்ஸ்அப்பில் கைமாறுவதை இவை தடுக்காது. இருந்தாலும் உடனே செய்து வையுங்கள்.

முகத்தை வெட்டி வேறு உடம்பில் ஒட்டிய படமும், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படமும் இப்போது வருகின்றன. அது நான் இல்லை என்று ஊருக்கு நிரூபிப்பதில் உங்கள் பலத்தைச் செலவழிக்காதீர்கள். உண்மைப் படமோ பொய்ப் படமோ, மிரட்டுவது குற்றம். மிரட்டிக் காசு பறிப்பது தண்டனைச் சட்டக்கோவையில் உள்ள பழைய குற்றம். அதற்கு இணையச் சட்டம் எதுவும் தேவையில்லை. சிறுவர் என்றால் 1929இற்கு அழையுங்கள்.

கணவர் பாஸ்வேர்ட் கேட்கிறார், போனைப் பார்க்கிறார். இது அன்புதானே?

இருவரும் ஒருவர் போனை ஒருவர் பயமில்லாமல் எடுக்கிறார்கள் என்றால் அது அவர்கள் விருப்பம். நீங்கள் கொடுக்காவிட்டால் அடி விழும், சண்டை வரும், அம்மாவோடு கதைத்ததற்கும் கணக்குக் கேட்பார் என்றால் அது கட்டுப்படுத்தல். கட்டாரில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் வீடியோவில் வந்து, "வீட்டைச் சுத்திக் காட்டு, ஆர் நிக்கினம் எண்டு பாப்பம்" என்று சொல்வதும் அதே வகைதான். இதைச் சொல்லும்போது சில மாமிமார் கோபப்படுகிறார்கள். ஆனால் அந்த வீட்டில் போன் மணி அடிக்கும்போதெல்லாம் மருமகளின் கை நடுங்குவதை அவர்களும் கண்டிருப்பார்கள்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கணவர், முன்னாள் கணவர், சேர்ந்து வாழ்ந்தவர் ஆகியோருக்கு எதிராக நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெற்றோர், சகோதரர் போன்ற உறவினர்களும் இதற்குள் வருவார்கள். உடலில் அடித்திருக்க வேண்டும் என்றில்லை. மன ரீதியான கொடுமையும் இதில் அடங்கும். இடைக்காலக் கட்டளை 14 நாள் வரைக்கும், பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரைக்கும் கொடுக்கப்படலாம். தொடர்புகொள்ளக் கூடாது என்றும் அதில் போட முடியும்.

கண்காணிக்கிறவர் அதே வீட்டில் இருந்தால், மேலே சொன்னபடி எல்லாவற்றையும் ஒரே நாளில் நீக்காதீர்கள். அவருக்கு உடனே தெரிந்துவிடும். இதை வாசிப்பதற்கும், உதவி கேட்பதற்கும் வேறொருவரின் போனைப் பாவியுங்கள். முதலில் போக ஒரு இடம், அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை ஒழுங்கு செய்யுங்கள்.

கடன் சேகரிக்கிறவர் இரவில் மெசேஜ் போடுகிறார். கடன் இருப்பதால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

கடன் வேறு, இது வேறு. தவணை தவறினால் என்ன நடவடிக்கை என்று ஒப்பந்தத்தில் இருக்கும், இரவு பத்து மணிக்கு "தனியா இருக்கிறீங்களா?" என்று கேட்பது அதில் இருக்காது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கிறது. சொல்லால் செய்வதும் அதில் அடங்கும். நிறுவனத்தின் முகாமையாளருக்கு எழுத்தில் முறையிட்டு, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். குழுவாகக் கடன் எடுத்திருந்தால் மற்றப் பெண்களிடமும் கேளுங்கள். இப்படியானவர் ஒருவருக்கு மட்டும் மெசேஜ் போட்டிருக்க வாய்ப்புக் குறைவு.

பொலிஸுக்குப் போனால் ஏதும் நடக்குமா? எங்களுக்குச் சிங்களமும் தெரியாது.

இந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சீருடையைக் கண்டால் ஒதுங்கிப் பழகிய ஊர் இது. இருந்தாலும் முறைப்பாடு ஒன்று பதிவில் இருப்பது பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதனால் போகத்தான் சொல்வேன், தனியாக மட்டும் போகாதீர்கள்.

பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவைக் கேளுங்கள். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி, வட மாகாணத்தின் நிர்வாக மொழி. தமிழில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதினால் தமிழில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். வீட்டிலேயே ஒரு பக்கத்தில் நடந்ததைத் திகதி வரிசையில் எழுதிக்கொண்டு போனால் அங்கே பதற்றத்தில் விட்டுப்போகாது. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். போனை வாங்கி வைக்க வேண்டும் என்றால் அதற்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். \*#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ இலக்கத்தையும், அதாவது உங்கள் போனுக்கே உரிய அடையாள எண்ணையும், முதலே எழுதி வையுங்கள்.

பின்தொடரல் என்ற பெயரிலேயே ஒரு தனிக் குற்றம் தண்டனைச் சட்டக்கோவையில் இல்லை. அதனால் "இதுக்குச் சட்டம் இல்லை" என்று சிலர் அனுப்பிவிடப் பார்ப்பார்கள். ஆனால் மிரட்டல் குற்றம், பாலியல் தொந்தரவு குற்றம், காசு பறிப்பது குற்றம். அனுமதியில்லாமல் உங்கள் கணக்குக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். 2024இல் வந்த 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும், தனிப்பட்ட தகவலை வெளியிட்டுத் துன்புறுத்துவது பற்றிய பிரிவு உண்டு. பேச்சுரிமையை நெரிக்கும் என்று ஊடகவியலாளர்களும் உரிமை அமைப்புகளும் எதிர்த்த சட்டம் அது, அந்த எதிர்ப்பில் நியாயமும் இருக்கிறது. உங்கள் வழக்கில் அது தேவையா என்பதைச் சட்டத்தரணியோடு பேசி முடிவு செய்யுங்கள். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது.

பொலிஸ் நிலையப் படி ஏற மனம் வராவிட்டால் பிரதேச செயலகத்தில் தொடங்குங்கள். பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் அங்கே இருப்பார்கள். அவர்களே உங்களோடு பொலிஸுக்கு வருவதும் உண்டு. தொலைபேசியில் என்றால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

செய்கிறவன் கனடாவில், லண்டனில் இருக்கிறான். அவனை ஒன்றும் செய்ய முடியாதே?

முடியும். அவன் இருக்கும் நாட்டில் இதற்கு நம் நாட்டை விடத் தெளிவான சட்டம் இருக்கலாம். கனடாவின் குற்றவியல் சட்டக்கோவை 264ஆம் பிரிவு இப்படித் தொந்தரவு செய்வதைக் குற்றம் என்கிறது. இங்கிலாந்தில் 1997ஆம் ஆண்டின் தொந்தரவிலிருந்து பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. 2012இல் பின்தொடரலையே தனிக் குற்றமாக அதில் சேர்த்தார்கள். அங்கே உங்கள் சித்தியோ மாமாவோ இருந்தால் அவர்களைக் கொண்டு அந்த நாட்டுப் பொலிஸில் விசாரியுங்கள். வதிவிட அனுமதிக்குக் காத்திருக்கும் ஆளுக்கு அங்கே ஒரு வழக்கு என்றால் எவ்வளவு பயம் என்பது அவனுக்குத் தெரியும்.

போராட்டத்துக்குப் போனதில் இருந்து பெயர் சொல்லாத ஆட்கள் போன் எடுத்து விசாரிக்கிறார்கள்.

நேரம், நம்பர், கேட்ட கேள்வி மூன்றையும் எழுதுங்கள். "உங்கள் பெயர், பதவி, அலுவலகத்தைச் சொல்லுங்கள், எழுத்தில் அழைத்தால் வருகிறேன்" என்பதற்கு மேல் போனில் ஒன்றும் பேசத் தேவையில்லை. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. கூடப் போராடுகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

மகளுக்கு இப்படி ஒரு பிரச்சினை. போனைப் பறித்து வைத்திருக்கிறோம். சரிதானே?

சரியில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்வியும் இதில் வந்துதான் முட்டுகிறது.

மிரட்டுகிறவன் என்ன எழுதுகிறான் என்று பாருங்கள். "அப்பாட்டைச் சொல்லுவன்", "அண்ணாவுக்கு அனுப்புவன்", "ஊருக்குத் தெரிஞ்சா உன்னைப் படிக்க விடுவினமோ?" அவன் கையில் இருப்பது படம் என்று நினைக்கிறோம். உண்மையில் அவன் நம்பியிருப்பது உங்கள் கோபத்தைத்தான். மகள் வந்து சொன்னால் வீட்டில் முதலில் அடி விழும், போன் போகும், ரியூசன் நிற்கும், அவசரமாகக் கலியாணம் பேசுவார்கள் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால் அவள் மாதக் கணக்கில் தனியாக அவனோடு மல்லுக்கட்டுகிறாள், அவன் கேட்பதையெல்லாம் கொடுக்கிறாள். சில பிள்ளைகள் உயிரையும் விடுகிறார்கள்.

பிள்ளை சொன்னால் முதல் வார்த்தை "சொன்னது நல்லது" என்று இருக்கட்டும். "ஏன் அனுப்பினாய்?" என்ற கேள்வி இப்போது வேண்டாம், அதற்குப் பதில் கிடைத்தாலும் அது ஒன்றையும் தீர்க்காது. போனில்தான் ஆதாரம் இருக்கிறது, கோபத்தில் உடைத்தால் அவனுக்குத்தான் லாபம். அண்ணன்மார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவதும் வேண்டாம். கை வைத்தால் வழக்கு உங்கள் பக்கம் திரும்பும், ஊரே கதைக்கும், மகள் பெயரும் அடிபடும். அவள் பள்ளிக்கூடம் போகட்டும், ரியூசனுக்கும் போகட்டும். சில நாள் யாராவது கூடப் போய் வாருங்கள். அவள் வழக்கத்தை மாற்றி அவளை வீட்டுக்குள் அடைத்தால், செய்தவனுக்கு ஒன்றும் இல்லாமல் செய்யாதவளுக்குத் தண்டனை கொடுத்ததாகிவிடும்.

நித்திரை வருவதில்லை. போன் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடிக்கிறது.

எவ்வளவோ பெரியதைத் தாங்கிய எனக்கு இது என்ன என்று நம் பெண்கள் சொல்வார்கள். ஷெல்லுக்குள் இருந்து வந்தவருக்கும் இது தாங்க முடியாததுதான். பழைய பயத்தையும் இது கிளறிவிடும். அரச மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இலவசமாகப் பேசலாம். சில மருத்துவமனைகளில் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கென்றே நட்பு நிலையம் இருக்கிறது. இரவில் மனம் பொறுக்காவிட்டால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இரவில் போனை அணைத்து அம்மாவிடமோ அக்காவிடமோ கொடுத்துவிட்டுப் படுங்கள்.

எங்கள் மகன்தான் ஒரு பிள்ளைக்கு இப்படிச் செய்கிறான் என்று தெரியவந்திருக்கிறது.

இந்தக் கேள்வியை ஒரு தாய் கேட்பதற்கு எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்று தெரியும். "அவள் சிரிச்சிருப்பாள்" என்று யாராவது வீட்டில் தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அவனிடம் இருக்கும் போலிக் கணக்குகளை மூடச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் படங்கள் இருந்தால் நீங்கள் பார்க்கவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். முறைப்பாடு இருந்தால் பொலிஸ் கேட்கும்போது போனை அப்படியே கொடுக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவனை அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அவனைக் கண்டாலே அவளுக்குப் பயம் வரும். நீங்கள் மட்டும், பெரியவர் ஒருவர் மூலம், இனி அவன் வரமாட்டான் என்று அவளின் வீட்டாருக்குச் சொல்லி அனுப்பலாம். அவனைப் பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைவு என்றால் சிறுவர் நன்னடத்தை உத்தியோகத்தரிடமும் பேசுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டால் சரி என்று மட்டும் நினைக்காதீர்கள். அங்கேயும் அவன் கையில் ஒரு போன் இருக்கும்.